பாட்டுக்கும் ஒரு வக்கீல்!

வயலுக்குப் பட்டா உண்டு. தென்னந்தோப்புக்குப் பத்திரம் உண்டு. வரப்புத் தகராறு வந்தால் வக்கீலிடம் ஓடுகிறோம். நாஞ்சில் நாட்டில் இது எல்லோரும் அறிந்த சங்கதி.

பாட்டுக்குப் பத்திரம் உண்டா? உண்டு! அதைப் படித்து நியாயம் சொல்லத் தனி வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் "பதிப்புரிமை வக்கீல்கள்" என்று பெயர்.

அவர்களுக்கு அப்படி என்ன வேலை? பழைய கதை ஒன்றைக் கேளுங்கள்.

பாரதியார் பாட்டு

பாரதியார் 1921-ம் ஆண்டு காலமானார். அப்போது தமிழில் பேசும் படம் கிடையாது. சென்னையில் ரேடியோவும் கிடையாது.

பிறகு அவர் பாட்டுகளைப் புத்தகமாக அச்சிடும் உரிமை ஓரிடத்தில் இருந்தது. இசைத்தட்டில் பதியும் உரிமை வேறிடம் போயிற்று. கடைசியில் அதை ஏவி.மெய்யப்பன் விலைக்கு வாங்கினார்.

1948-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் "பில்ஹணன்" படம் வந்தது. ஒழுகினசேரி என்.எஸ்.கிருஷ்ணன் நடித்து வளர்ந்தது இவர்களுடைய நாடகக் கம்பெனியில்தான். படத்தில் பாரதி பாட்டு இருந்தது. உரிமை யாருக்கு என்று தகராறு மூண்டது!

மக்களுக்காகப் பாடிய கவிஞரின் பாட்டுக்குப் பூட்டா? தமிழகம் கொதித்தது. டி.கே.சண்முகமும் எழுத்தாளர்களும் முன்நின்று போராடினார்கள். 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு, பாரதி பாடல்கள் பொதுச் சொத்தாகும் என்று அறிவித்தது. மெய்யப்பன் பணம் வாங்காமலே தம் உரிமையை விட்டுக்கொடுத்தார்.

புது யந்திரம், புது வழக்கு

இதிலிருந்து தெரிவது என்ன? பாட்டு ஒன்றுதான். ஆனால் புதிய யந்திரம் வரும்போதெல்லாம் புதிய உரிமை முளைக்கிறது. இசைத்தட்டு, சினிமா, கம்ப்யூட்டர், செல்போன் என்று வரிசை நீள்கிறது. இப்போது செயற்கை அறிவு வந்திருக்கிறது. செய்திகளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டதாக ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம், ஓப்பன்ஏஐ கம்பெனி மீது 2024-ல் டெல்லி ஐகோர்ட்டில் வழக்குத் தொடுத்தது.

ஆகவே இந்த வக்கீலுக்குச் சட்டம் மட்டும் தெரிந்தால் போதாது. யந்திரம் வேலை செய்யும் விதமும் தெரிய வேண்டும்!

கையெழுத்துப் போடுமுன்

உங்கள் பிள்ளை பாட்டு எழுதுகிறதா? கதை எழுதுகிறதா? சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எழுதியவரின் ஆயுள் முழுவதும் உரிமை உண்டு. அதன் பிறகும் 60 ஆண்டு உண்டு.

உரிமையை விற்றால் எழுத்து மூலம் பத்திரம் வேண்டும். எத்தனை காலம் என்று குறிப்பிடாவிட்டால், 5 ஆண்டு என்றே கொள்ளப்படும்.

2012-ல் இன்னொரு பாதுகாப்பு வந்தது. பத்திரம் எழுதும்போது இல்லாத புது யந்திரத்துக்கு, பத்திரத்தில் தனியாகக் குறிப்பிட்டிருந்தால்தான் அந்த விற்பனை செல்லும்.

வழக்குப் போட டெல்லிக்கு ஓட வேண்டாம். தாம் குடியிருக்கும் மாவட்டத்துக் கோர்ட்டிலேயே தொடுக்கலாம். நம் ஊர்க்காரருக்கு நாகர்கோவிலே போதும்.

வயலை விற்கும்போது நான்கு எல்லையும் பார்க்கிறோம் அல்லவா? பாட்டை விற்கும்போதும் எல்லை பாருங்கள்!