ஒரே போர்டு, நான்கு கவுன்சலர்கள்: நீங்கள் சொன்ன ரகசியம் யார் பொறுப்பில் இருக்கிறது?

சென்னையில் அண்ணா நகர், அடையாறு, வேளச்சேரி பக்கம் ஏதாவது ஓர் அப்பார்ட்மென்ட்டின் முதல் மாடியில் இப்படி ஒரு போர்டைப் பார்த்திருப்பீர்கள். இலை போட்ட லோகோ, மென்மையாக ஓர் ஆங்கிலப் பெயர், கீழே நான்கைந்து பேரின் பெயர்களும் பட்டங்களும். உள்ளே போனால் ஹால்தான் வெயிட்டிங் ரூம். பெட்ரூம்கள்தான் கவுன்சலிங் அறைகள். உள்ளே பேசுவது வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக, கதவோரம் 'உஸ்ஸ்' என்று சத்தம் போட்டுக்கொண்டே ஒரு சின்ன மெஷின்.

ஆன்லைனில் தேடி, ரிவ்யூ பார்த்து, ஸ்லாட் புக் செய்து, தயக்கத்தோடு உள்ளே போய் உட்காருகிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. போர்டில் இருக்கும் இந்த நான்கு பேருக்குள்ளும் என்ன உறவு? ஒரே கம்பெனியா, பார்ட்னர்களா, இல்லை வாடகையை மட்டும் பங்குபோட்டுக்கொள்கிறவர்களா?

'அது அவங்க பாடு, எனக்கென்ன' என்று விட முடியாது. நீங்கள் அந்த அறையில் சொன்ன விஷயம் யாருடைய ஃபைலில் இருக்கிறது, தப்பு நடந்தால் யாரைக் கேட்பது, உங்கள் கவுன்சலர் திடீரென்று வேறு இடத்துக்குப் போய்விட்டால் உங்களுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த உறவைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

ஏன் சேர்ந்து உட்காருகிறார்கள்?

முதல் காரணம் வாடகை. இதில் இரண்டு முறைகள் பரவலாக உண்டு. ஒன்று, அறையை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது. கிளையன்ட் வந்தாலும் வராவிட்டாலும் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டியாக வேண்டும். இன்னொன்று, ஃபீஸில் சதவிகிதம். ஒரு கணக்குக்கு, செஷனுக்கு 1,500 ரூபாய், மாதம் 60 செஷன் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 90,000 ரூபாய். அதில் 40 சதவிகிதம் இடத்தை நடத்துகிறவருக்கு என்றால் 36,000 போய்விடும். மீதி 54,000-இல்தான் பயிற்சி வகுப்பு, கேன்சல் ஆன செஷன்கள், லீவு எடுத்த நாள்கள் எல்லாமே. பி.எஃப் கிடையாது, சம்பளத்தோடு விடுப்பும் கிடையாது.

சதவிகித முறையில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. கிளையன்ட் வெளியே போனால் இடத்தை நடத்துகிறவருக்கு வருமானம் குறையும். 'உங்க பிரச்னைக்கு இங்க இருக்கிறவங்க சரியா வர மாட்டாங்க, வேற இடத்துல ஒருத்தர் இருக்காங்க, அவங்களைப் பாருங்க' என்று சொல்வது கவுன்சலரின் கடமைகளில் ஒன்று. அப்படிச் சொல்லத் தயங்க வைக்கும் சக்தி இந்த சதவிகிதக் கணக்குக்கு உண்டு.

பணத்தைவிடப் பெரிய காரணம் தனிமை. நாள் முழுக்க அடுத்தவரின் துக்கத்தைக் கேட்டுவிட்டு, யாரிடமும் அதைச் சொல்ல முடியாத வேலை இது. ஒரு செஷன் மோசமாகப் போனால், பக்கத்து அறையில் அனுபவசாலி ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆறு மணிக்கு மேல் தனியாக ஒரு ஃபிளாட்டில் உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களைச் சந்திக்க வேண்டியதில்லை என்பதும், குறிப்பாகப் பெண் கவுன்சலர்களுக்கு, சின்ன விஷயமில்லை.

இந்தத் தொழிலில் 'சூப்பர்விஷன்' என்று ஒன்று உண்டு. கவுன்சலர் தன் வேலையைத் தன்னைவிட மூத்த ஒருவரிடம் தொடர்ந்து விவாதித்துச் சரிபார்த்துக்கொள்வது. பிரிட்டனின் கவுன்சலர்கள் சங்கமான பிஏசிபி, அக்ரெடிட்டேஷன் பெற்றுப் பணியில் இருக்கும் உறுப்பினர்களுக்கு மாதம் குறைந்தது 1.5 மணி நேரம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இந்தியாவில் தனியாக பிராக்டிஸ் செய்யும் கவுன்சலருக்கு அப்படி ஒரு சட்டக் கட்டாயம் இல்லை. நல்ல கூட்டு பிராக்டிஸ்கள் அதைத் தாங்களாகவே வைத்துக்கொள்கின்றன. கிளையன்ட்டுக்குக் கூட்டு பிராக்டிஸால் கிடைக்கும் உண்மையான லாபம் இதுதான், சோபாவும் பச்சைச் செடியும் இல்லை.

போர்டில் நான்கு பேர், ஆனால் நால்வரும் ஒன்றல்ல

ஒரே போர்டில் மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், கவுன்சலிங் சைக்காலஜிஸ்ட், 'லைஃப் கோச்' என்று நான்கு பெயர்கள் வரிசையாக இருக்கலாம். எழுத்தின் அளவும் ஒன்று, நிறமும் ஒன்று. சட்டத்தின் கண்ணில் இவர்கள் நால்வரும் நான்கு வேறு ஆட்கள்.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ் முடித்து, அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். இந்த நால்வரில் மருந்து எழுதித் தர முடிந்தவர் இவர் மட்டும்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்சிஐ) பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை யார் வேண்டுமானாலும் கவுன்சிலின் வெப்சைட்டில் சரிபார்க்கலாம். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று இருந்தால் அது பிஎச்.டி பட்டமாகவும் இருக்கலாம். அதில் தப்பில்லை, ஆனால் அவர் மாத்திரை எழுத முடியாது.

மூன்றாவதாக இருக்கிற கவுன்சலர் விஷயத்தில்தான் குழப்பமே. 2017-இல் நிறைவேறி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், 'மனநலத் தொழில்முறையாளர்' யார் யார் என்று வரையறுக்கிறது. மனநல மருத்துவர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர், ஆயுஷ் மருத்துவத்தில் மனநல முதுநிலை படித்தவர்கள் இந்தப் பட்டியலில் வருகிறார்கள். எம்.எஸ்சி சைக்காலஜி முடித்துவிட்டு கவுன்சலிங் செய்பவர் இதில் இல்லை. 2021-இல் வந்த இன்னொரு மத்தியச் சட்டம், துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையத்தை உருவாக்கியது. அதன் அட்டவணையில் உளவியலாளர்களும் சிலவகை கவுன்சலர்களும் இடம்பெற்றிருக்கிறார்கள். அதற்கான மாநில கவுன்சில், பதிவேடு போன்றவை படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன.

அதற்காக கவுன்சலர் தேவையில்லை என்றோ, தகுதியில்லாதவர் என்றோ அர்த்தமில்லை. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவிகிதம் பேருக்கு சிகிச்சை கிடைக்கவே இல்லை. மனநல மருத்துவர்களை மட்டும் வைத்து இந்த இடைவெளியை நிரப்ப முடியாது. நன்றாகப் படித்து, சூப்பர்விஷனில் இருக்கும் ஒரு கவுன்சலர் ஆபீஸ் ஸ்ட்ரெஸ், பிரேக்-அப், துக்கம், குடும்பச் சண்டை என எவ்வளவோ விஷயங்களில் கைகொடுக்க முடியும். 'நீங்க என்ன படிச்சிருக்கீங்க, யார்கிட்ட சூப்பர்விஷன்ல இருக்கீங்க?' என்று கேட்டால் நல்ல கவுன்சலர் முகம் சுளிக்க மாட்டார்.

லைஃப் கோச்? அதற்கு இந்தியாவில் லைசென்ஸ் எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

நீங்கள் முதல் ரூமில், அவர் இரண்டாவது ரூமில்

ஒரு சூழ்நிலையை யோசித்துப் பாருங்கள். மனைவி மூன்று மாதமாக ஒரு கவுன்சலரிடம் போகிறார். கணவருக்கு அது தெரியாது. அவரும் கூகுளில் தேடி, அதே இடத்தில் இன்னொரு கவுன்சலரிடம் வருகிறார். மனைவி அடுத்த முறை வரும்போது ரிசப்ஷனில் இருக்கும் பெண் சிரித்துக்கொண்டே, "மேடம், சார் போன வாரம்தான் வந்துட்டுப் போனாரு" என்கிறார்.

கவுன்சலர்கள் இருவரும் வாயைத் திறக்கவே இல்லை. ஆனாலும் ரகசியம் போய்விட்டது. கூட்டு பிராக்டிஸில் ரகசியம் கசிவது பெரும்பாலும் செஷன் அறையிலிருந்து அல்ல. பொது ரிஜிஸ்டர், எல்லோருக்கும் ஒரே கூகுள் காலண்டர், புக்கிங்குக்கான ஒரே வாட்ஸ்அப் நம்பர் என்று அதற்கு வேறு வழிகள் நிறைய. 'நேத்து நைட் மறுபடியும் பேனிக் அட்டாக் வந்துச்சு, இன்னிக்கு ஸ்லாட் இருக்கா?' என்று நீங்கள் அனுப்பும் மெசேஜை உங்கள் கவுன்சலர்தான் முதலில் படிக்கிறார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அந்த போன் யார் கையில் இருக்கிறது என்று கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது கேஸ் டிஸ்கஷன். நால்வரும் வாரம் ஒருமுறை உட்கார்ந்து பெயர் சொல்லாமல் கேஸ்களைப் பேசுவார்கள். அது நல்ல பழக்கம். ஆனால், 'சோழிங்கநல்லூர் ஐ.டி கம்பெனி, டீம் லீட், இரட்டைக் குழந்தைகள், மனைவி பல் டாக்டர்' என்று சொன்ன பிறகு பெயர் எதற்கு? இங்கே எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் சொந்தம் அல்லது முன்னாள் கலீக். விவரங்களை மாற்றித்தான் பேசுகிறார்களா, உங்கள் விஷயத்தைப் பேச உங்களிடம் அனுமதி வாங்கினார்களா என்பது முதல் செஷனில் தரும் ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டும். படிவமே தரவில்லை என்றால் அது ஒரு சிக்னல்.

சட்டம் ரகசியத்தைக் காக்குமா என்றால், பாதி காக்கும். மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, மனநோய் உள்ளவருக்கு ரகசியக் காப்பு உரிமையைத் தருகிறது. சிகிச்சை தரும் சுகாதாரப் பணியாளர்கள் அதை மதிக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து, இன்னொருவருக்குத் தீங்கு நேரும் சூழல், நீதிமன்ற உத்தரவு போன்றவை விதிவிலக்குகள். ஆனால் அந்தச் சட்டம் 'மனநோய்' என்று சொல்வது, அன்றாட வாழ்க்கையையே முடக்கும் அளவுக்கான தீவிரக் கோளாறை. மேனேஜரோடு சண்டை, கல்யாணம் வேண்டாம் என்ற குழப்பம் என்று வருகிறவர் அந்த வரையறைக்குள் வருவாரா? கஷ்டம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. வக்கீலிடம் சொன்னதை நீதிமன்றத்தில் சொல்லச் சொல்லி அவரை வற்புறுத்த முடியாதபடி பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. கவுன்சலரிடம் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. விவாகரத்து வழக்கில் நீதிமன்றம் அழைத்தால் அவர் போயாக வேண்டும். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி புகார் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் அவர் மேலேயே வழக்கு வரும். 'நீங்க சொல்றது எல்லாமே இந்த நாலு சுவத்துக்குள்ளதான்' என்று விதிவிலக்கே இல்லாமல் வாக்கு கொடுப்பவர், தரமுடியாத ஒன்றைத் தருகிறார்.

கவுன்சலர் கிளம்பிவிட்டால்?

கூட்டு பிராக்டிஸில் அதிகம் வலிக்கும் இடம் இது. ஆறு மாதம் ஒருவரிடம் பேசியிருக்கிறீர்கள். அப்பா இறந்ததைப் பற்றி இப்போதுதான் வாய் திறக்க முடிந்திருக்கிறது. ஒரு நாள் காலையில் மெசேஜ்: 'உங்கள் அப்பாயின்ட்மென்ட் வேறு கவுன்சலருக்கு மாற்றப்பட்டுள்ளது.' ஏன், எங்கே போனார், எதுவும் இல்லை.

உள்ளே நடந்தது பெரும்பாலும் காசுச் சண்டையாக இருக்கும். கிளம்புகிறவர் 'என் கிளையன்ட்ஸ்' என்பார். இடத்தை நடத்துகிறவர் 'எங்க பேரைப் பார்த்துத்தானே வந்தாங்க' என்பார். சில ஒப்பந்தங்களில், வெளியே போனால் இரண்டு வருஷம் இந்த ஏரியாவில் பிராக்டிஸ் செய்யக் கூடாது என்றுகூட எழுதி வாங்குகிறார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆவது பிரிவில், ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையை விட்ட பிறகும் கட்டிப்போடும் இப்படிப்பட்ட நிபந்தனைகளை இந்திய நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் கோர்ட்டுக்குப் போகத் தெம்பு இல்லாத இளம் கவுன்சலர்கள் பயந்து, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள்.

இரண்டு பேரும் மறப்பது, கிளையன்ட் யாருக்கும் சொத்து இல்லை என்பதை. யாரிடம் தொடர்வது என்று முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்தான். முறையாக நடக்கும் இடங்களில் கவுன்சலர் போவது சில வாரங்களுக்கு முன்பே தெரிவிக்கப்படும், விடைபெறுவதற்கென்றே ஒரு செஷன் இருக்கும், குறிப்புகளை அடுத்தவருக்குத் தருவதற்கு உங்கள் சம்மதம் கேட்பார்கள்.

புகார் கொடுப்பதிலும் இந்தக் கூட்டு அமைப்பு வேலையைக் காட்டும். பதிவு செய்த பார்ட்னர்ஷிப் என்றால், 1932-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு பார்ட்னர் தொழிலின் பேரில் செய்த தப்புக்கு மற்றவர்களும் பொறுப்பு. எல்எல்பி என்றால் மற்ற பார்ட்னர்கள் தனிப்பட்ட முறையில் மாட்ட மாட்டார்கள். வெறும் வாடகைப் பங்கீடு என்றால் போர்டுக்குப் பொறுப்பே கிடையாது என்று வாதாடுவார்கள். காசு வாங்கித் தரும் சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்தை அணுகும் வழி உண்டு. அதற்கு யார் பெயரில் பில் என்பது முக்கியம். ஜி-பேயில் யாருடைய தனிக் கணக்குக்கோ அனுப்பிவிட்டு ரசீது வாங்காமல் வருகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். பில்லில் இருக்கும் பெயர், பதிவு எண், யாரிடம் ஃபைல் இருக்கிறது, எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள் என்பதை முதல் செஷனிலேயே கேட்டுவிட்டால் வேலை முடிந்தது. பத்து நிமிஷம்கூட ஆகாது.

இன்னொன்றையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்: ராத்திரி இரண்டு மணிக்கு முடியவில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது? போர்டில் எத்தனை பேர் இருந்தாலும் தனியார் பிராக்டிஸ்களில் பெரும்பாலும் நைட் டியூட்டி கிடையாது. அந்த நேரத்துக்கு, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் இருக்கிறது. எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.