ஊர் பார்த்த மணி, நான் மட்டும் பார்க்கும் மணி

அப்பா வாசல் கேட்டைத் திறக்கும்போது டிகாக்ஷன் இறங்கித் தயாராக இருக்கும். 1980களில் திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டில் நாள்தோறும் நடந்தது இது. செல்பேசி கிடையாது, 'கிளம்பிவிட்டேன்' என்று சொல்லியனுப்ப வழியும் கிடையாது. ஆனாலும் அம்மாவின் கணக்கு தப்பாது. தலைமைச் செயலகத்தில் வேலை பத்தேகாலுக்குத் தொடங்கி ஐந்தேகாலுக்கு முடியும். ஸ்டாச்யூ நிறுத்தத்தில் பஸ் பிடித்து, கிழக்கே கோட்டை வழியாக வந்து இறங்கி நடந்தால் ஆறு மணி. கூடத்துக் கடிகாரம் ஐந்தரை அடிக்கும்போது அம்மா வெந்நீர் வைப்பாள். அப்பாவின் அலுவலக நேரம் அப்பாவுக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருக்கவில்லை. அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டு மாமிக்கும் தெரியும்.

நாற்பது ஆண்டு கழித்து, அதே வீட்டில், அதே அம்மா கையில் காபி டம்ளரோடு என் அறை வாசலில் நின்றாள். நான் காதில் ஹெட்செட்டோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வரலாமா, கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அன்று மூன்றாவது முறையாக அந்தக் காபி ஆறிப்போனது. இருபதடி தூரத்தில் இருக்கும் மகள் எப்போது வேலை முடித்து 'வருவாள்' என்று அவளால் கணக்குப் போட முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.

வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு நேரம் ஏன் கைநழுவுகிறது என்று யோசிக்கத் தொடங்கியபோது, பதிலை அந்த ஆறிய டம்ளரில்தான் கண்டேன்.

அன்று: நேரம் பொதுச்சொத்து

திருவனந்தபுரம் நேரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருந்த ஊர். பத்மநாப சுவாமி கோயிலுக்குப் போகிறவர்கள் பத்மதீர்த்தக் குளத்தருகே அண்ணாந்து பார்க்காமல் போவதில்லை. மேத்தன் மணி அங்கேதான் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொருத்திய கடிகாரம். முகப்புக்கு மேலே தாடிக்காரர் ஒருவரின் முகம், இரு பக்கமும் இரண்டு ஆடுகள். மணி அடிக்கும்போது அவர் வாய் திறக்க, ஆடுகள் வந்து கன்னத்தில் முட்டும். சிறு வயதில் அதைப் பார்க்கவே அப்பா கையைப் பிடித்து நிற்பேன். அந்த மணி யாருக்கும் சொந்தமில்லை. குளக்கரையில் நின்ற அத்தனை பேருக்கும் அது ஒரே நேரத்தைச் சொன்னது.

இந்த ஊருக்குத் தனக்கென்று ஒரு நேரமும் இருந்திருக்கிறது. 1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா இங்கே வானியல் ஆய்வுக்கூடம் அமைத்தார். அதன் முதல் வானியலாளர் ஜான் கால்டெகாட். சூரியன் உச்சிக்கு வருவதைக் கொண்டு ஊரின் நண்பகலைக் குறித்த காலம் அது. இந்தியத் திட்ட நேரம் 1906இல் நடைமுறைக்கு வந்தது. அது 82½ பாகைத் தீர்க்கக் கோட்டை வைத்துக் கணக்கிடப்படுவது. திருவனந்தபுரமோ ஏறத்தாழ 77 பாகையில், அதற்கு நல்ல மேற்கே இருக்கிறது. ஆகவே கடிகாரத்தில் பன்னிரண்டு ஆகி சராசரியாக 22 நிமிடம் கழித்துத்தான் இங்கே உண்மையான உச்சிப் பொழுது. வேறோர் இடத்து நேரத்துக்கு நம் நாளை ஒப்புக்கொடுப்பது இன்று நேற்று வந்ததல்ல. ஆனால் அப்போது ஊரே சேர்ந்து ஒப்புக்கொடுத்தது.

திவான் மாதவராவ் காலத்தில் எழும்பி 1869இல் திறக்கப்பட்ட செயலகக் கட்டடமும் ஊரின் நாளை அளந்த இன்னொரு கருவி. காலையில் கூட்டம் ஒரு பக்கம் போகும், மாலையில் மறுபக்கம் திரும்பும். பதிவேட்டில் கையெழுத்து, தாமதமானால் சிவப்பு மை. அப்பாவோடு வேலை பார்த்த சிலர் நாகர்கோவிலிலிருந்து வந்தார்கள். 1979இல் நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் பாதை திறந்த பிறகு, எழுபது கிலோமீட்டர் தள்ளிக் குடியிருந்து இங்கே உத்தியோகம் பார்ப்பது முடிந்த காரியமாயிற்று. சீசன் டிக்கெட்காரர்களின் பெட்டியில் ஒருவர் பேப்பர் படிப்பார், ஒருவர் தூங்குவார், பெண்கள் மறுநாளைக்குக் கீரை ஆய்வார்கள். அலுப்பான பயணம்தான். ஆனால் அந்த நேரம் மேலதிகாரிக்கும் சொந்தமில்லை, வீட்டுக்கும் சொந்தமில்லை. அலுவலகத்து மனம் வீட்டு மனமாக மாற அந்த எழுபது கிலோமீட்டர் தேவைப்பட்டது.

வேலைக்கு ஓர் எல்லை இருந்ததால் மிச்ச நேரமும் கைக்கு அகப்பட்டது. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்துகொண்டே நீல பத்மநாபன் 'தலைமுறைகள்', 'பள்ளிகொண்டபுரம்' போன்ற நாவல்களைத் தந்தார். நகுலன் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டே எழுதினார். ஆ. மாதவன் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்தார். தன்னைச் சுற்றி நடமாடிய மனிதர்களையே கதைகளாக்கினார். இந்த நகரத்துத் தமிழ் இலக்கியத்தில் பெரும்பகுதி பிழைப்புக்கு ஒரு வேலை பார்த்தவர்கள் எழுதியதுதான்.

இடையில்: கழக்கூட்டத்து நேரம்

1990இல் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் தொடங்கியது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. 1995இல் பிரதமர் நரசிம்மராவ் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது 2004இல். ஊரின் மணியோடு வெளிநாட்டு மணியும் எங்கள் நாளுக்குள் நுழைந்தது அப்போதுதான். கூட்டம் ஏழு மணி என்றால், எந்த ஊர் ஏழு மணி என்று கேட்கப் பழகினோம்.

இருந்தாலும் எல்லை அழிந்துவிடவில்லை. நுழையும்போது அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். மாலையில் கம்பெனி பஸ் குறித்த நேரத்துக்குப் புறப்படும், அதை விட்டால் திண்டாட்டம். 'பஸ்ஸுக்கு நேரமாச்சு' என்று ஒருவர் எழுந்தால் கூட்டமே கலையும். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. பஸ் ஓட்டுநர்தான் எங்களுக்கு மேத்தன் மணி. சன்னலோரம் தலை சாய்த்து வந்த ஒரு மணி நேரத்தில் அலுவலகம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும்.

இன்று: சாட்சியில்லாத நேரம்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. டெக்னோபார்க்கில் சுமார் 60 ஆயிரம் பேர் வேலை பார்த்த காலம். ஒரு வாரத்துக்குள் அத்தனை மேசைகளும் படுக்கையறைக்கும் பூஜையறை மூலைக்கும் மாடிப்படி அடிக்கும் இடம் மாறின. அந்த ஆண்டு நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை விதிகளைத் தளர்த்தியது. வீட்டிலிருந்து வேலை செய்வது அவசர ஏற்பாடாக இருந்த நிலை மாறியது. 2022 ஜூலையில் சிறப்புப் பொருளாதார மண்டல நிறுவனங்களுக்கும் அதற்கான விதி வந்தது. அதே ஆண்டு நவம்பரில் கழக்கூட்டம் மேம்பாலம் திறந்தபோது, அங்கே நெரிசலில் பல ஆண்டு காத்துக் கிடந்த நான் வாரத்துக்கு இரண்டு நாள்தான் அந்த வழியே போகிறவளாகியிருந்தேன்.

பயணம் நின்றதில் நாளுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம் என்று முதலில் மகிழ்ந்தோம். அந்த இரண்டு மணி நேரம் எங்கே போனது? என் வீட்டில் அதை வேலையே எடுத்துக்கொண்டது. காலை எட்டு மணிக்கு ஒரு செய்தி வரும், பதில் போட்டால் நாள் தொடங்கிவிடும். இரவு பத்தரைக்கு ஒன்று வரும், பதில் போடாவிட்டால் தூக்கம் வராது. நடுவில் குக்கருக்கும் குழந்தையின் பாடத்துக்கும் எழுந்து போன நேரத்தையெல்லாம் 'ஈடுகட்ட வேண்டிய கடன்' என்று மனம் எழுதி வைத்துக்கொள்ளும். ஆகவே ஓய்விலும் வேலை, வேலையிலும் வீடு. எது எங்கே முடிந்தது என்று சொல்ல ஒரு பஸ் இல்லை, ஒரு பதிவேடு இல்லை.

நேர மேலாண்மை என்றதும் பலரும் சுயகட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். அப்பா தலைமுறையின் ஒழுங்கை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஒழுங்கை அவர்கள் தனியாளாகத் தாங்கவில்லை. மணிக்கூண்டும் ரயிலும் வீட்டாரும் சேர்ந்து தாங்கினார்கள். அன்றைய நேரத்துக்குச் சாட்சிகள் இருந்தார்கள், இன்று என் நேரத்துக்கு நான் மட்டுமே சாட்சி. அதனால், வீட்டிலிருந்து வேலை செய்பவர் முதலில் செய்ய வேண்டியது தன் வேலை நேரத்தை மறுபடி பிறர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் கொண்டுவந்து வைப்பது.

கதவில் ஒரு தாள்

நான் செய்தது எளிய காரியம். ஒரு தாளில் என் நேரத்தைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அறைக் கதவில் ஒட்டினேன். காலை 9.30 முதல் 1 வரை. பிற்பகல் 3 முதல் 5.30 வரை. மாலை 6.30 முதல் 8.30 வரை. கூட்டினால் எட்டு மணி நேரம். இதையே அலுவலக நாட்காட்டியிலும் குழுவில் எல்லோரும் பார்க்கும்படி குறித்தேன். காலைப் பகுதியில் யோசித்துச் செய்ய வேண்டிய வேலை மட்டும், செய்திப் பெட்டியைத் திறப்பதில்லை. பிற்பகலில் கடிதங்கள், சக ஊழியர்களோடு பேச்சு. மாலையில் அமெரிக்கக் குழு.

நடுவிலுள்ள இடைவெளிகள் யாருக்கும் நான் பட்ட கடன் அல்ல. அவற்றையும் தாளிலேயே 'ஓய்வு' என்று எழுதியிருக்கிறேன். 'கூப்பிடலாம்' என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

நாளின் வேலையை முடிக்கும்போது அமெரிக்கக் குழுவுக்கு மூன்று வரி எழுதுகிறேன்: இன்று முடித்தது, எங்கே நிற்கிறது, உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது. அவர்கள் பகலில் அதைப் படித்து வேலையைத் தொடர்கிறார்கள். இந்த மூன்று வரி எத்தனையோ இரவு அழைப்புகளைத் தேவையில்லாமல் ஆக்கிவிட்டது. பிறகு கணினியை மூடி, செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து திரும்புகிறேன். அதுதான் என் கம்பெனி பஸ்.

தாள் இன்னொரு வேலையும் செய்தது. மாலை ஏழரைக்கு நான் வேலையில் என்று கதவில் எழுதியிருந்தால், ஏழரைக்குத் தோசை வார்ப்பது யார் என்ற கேள்வி வீட்டில் தானாக எழும். முன்பு அந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. வீட்டில் இருக்கும் பெண் எப்போதும் கைவசம் இருப்பவள் என்ற எண்ணம் ஊரடங்கோடு வந்ததல்ல. ஊரடங்கு அதை இன்னும் கெட்டிப்படுத்தியது. இப்போது திங்களும் வியாழனும் என் கணவர் அடுப்படியில் நிற்கிறார். மறைந்திருந்த வேலை வெளிச்சத்துக்கு வந்தால்தான் பங்கிட முடியும்.

எல்லாவற்றையும் தனிமனிதர் தாளில் எழுதித் தீர்த்துவிட முடியாது. பிரான்சில், ஊழியர் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2017இல் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. 2021இல் போர்ச்சுகலும் 2024இல் ஆஸ்திரேலியாவும் சட்டம் செய்தன. இந்தியாவில் சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதாவாக இதை முன்வைத்தார், அது சட்டமாகவில்லை. தொழில்நுட்பப் பூங்காவில் நாட்டுக்கே முன்னோடியான ஊர் இந்த உரிமையைக் கேட்பதிலும் முன்னே நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன். அன்று மணிக்கூண்டைக் கட்டியது தனிமனிதர் அல்லவே.

நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். நியூயார்க்கின் காலை ஒன்பது மணி அதுவரை நமக்கு மாலை ஆறரை. அன்று முதல் ஏழரை. போன நவம்பரில் கதவிலிருந்த தாளை எடுத்துவிட்டுப் புதியதை எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அமெரிக்காக்காரன் மணியை மாத்தியாச்சா?"

"ஆமாம்மா. பிற்பகல் இனி மூணரையிலேர்ந்து ஆறு."

"அப்போ ஐந்தரைக்கு வெந்நீர் வச்சாப் போதும்."

அப்பாவுக்கு வைத்த அதே நேரம். அவள் அதை நினைத்துச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் ஆறு மணிக்குக் கதவைத் திறந்தபோது, டம்ளரைக் கையால் பிடிக்க முடியாத சூட்டில் காபி இருந்தது.