பிழை யாருடையதோ, ஏச்சு கடைக்காரருக்கு

கைத்தொலைபேசியைத் தட்டினால் ஓட்டோ வாசலுக்கு வரும் என்ற காலம் கொழும்பில் 2015 இல் ஆரம்பமானது. அவ்வாண்டு உள்நாட்டு நிறுவனமான பிக்மீ சேவையைத் தொடங்கியது. ஆண்டு முடிவதற்குள் ஊபரும் வந்து சேர்ந்தது. பின்னர் சாப்பாடும் அதே வழியில் வீடு தேடி வந்தது. ஓட்டோக்காரரோடு பேரம் பேசி அலுத்துப்போயிருந்த மக்கள் இதனை இரு கரம் நீட்டி வரவேற்றார்கள்.

இன்று அதே மக்கள் குறை சொல்கிறார்கள். என் கடைக்கு வருபவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடுகள் மூன்று. ஒன்று, சாரதி அழைத்து "எங்க போறீங்க? காசா, கார்டா?" என்று கேட்டுவிட்டுப் பயணத்தை ரத்துச் செய்கிறார். இரண்டு, கடையில் ஒரு விலை, செயலியில் வேறு விலை. மூன்று, ஓடர் பிழையாக வந்தால் பேசுவதற்கு ஆள் இல்லை.

இவற்றின் காரணங்களை வியாபாரிகளாகிய நாம் விளங்கிக்கொள்வது நல்லது. காசு என்றால் சாரதியின் கைக்கு உடனே வரும். கார்ட் என்றால் நிறுவனத்திடம் போய், கொமிஷன் கழிந்து, பிறகுதான் வரும். அன்றைய உழைப்பில் அன்றைய பெற்றோல் அடிப்பவருக்கு அது பெரிய வித்தியாசம்.

விலை வித்தியாசத்துக்கும் கொமிஷன்தான் காரணம். 1,000 ரூபா பிரியாணிக்கு நூற்றுக்கு 30 வீதம் கொமிஷன் என்று வைத்துக்கொள்வோம். பலர் 300 ரூபாவைக் கூட்டி 1,300 என்று போடுகிறார்கள். ஆனால் கொமிஷன் 1,300 ரூபாவுக்கே கழியும். அது 390 ரூபா. கையில் மிஞ்சுவது 910 மட்டுமே. முழு 1,000 ரூபாவும் வேண்டுமானால் ஏறக்குறைய 1,430 என்று போட வேண்டும். அதற்கு மேல் டிலிவரிக் கட்டணமும் சேரும்போது வாடிக்கையாளர் "கடைக்காரன் கொள்ளையடிக்கிறான்" என்கிறார். நிறுவனத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. பெட்டியில் இருப்பது நமது கடையின் பெயர். பல வருடம் பாடுபட்டுச் சேர்த்த நற்பெயர் ஒரு மாலைப் பொழுதில் போய்விடலாம்.

ஆகவே சில விடயங்களைக் கவனியுங்கள்.

ஓடரை ரைடரிடம் கொடுக்கும் முன் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொதியை ஒட்டி, ஒப்படைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள். தாமதம் யாருடையது என்ற கேள்வி வந்தால் அதுவே உங்கள் சாட்சி.

சமையலறை தாங்காத நேரங்களில், உதாரணமாக வெள்ளிக்கிழமை பகலிலும் நோன்பு திறக்கும் வேளையிலும், செயலியில் ஓடர் எடுப்பதை நிறுத்தி வையுங்கள். எடுத்துவிட்டுப் பிந்துவதை விட எடுக்காமல் இருப்பது மேல்.

சமைத்த உணவுக்கு நாம் விலை வைக்கலாம். ஆனால் பால்மா, பிஸ்கட் போன்றவற்றின் பொதியில் அச்சிட்ட அதிகூடிய சில்லறை விலைக்கு மேல் விற்பது குற்றம். கொமிஷனைக் காரணம் காட்டித் தப்ப முடியாது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் யாரும் முறையிடலாம்.

கொமிஷன் வீதத்தைப் பேசிப் பாருங்கள். 2020 இல், கொரோனாக் காலத்தில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் உணவகங்களிடம் 15 வீதத்துக்கு மேல் அறவிடக் கூடாதென்று கட்டளையிட்டது. எனவே 30 வீதம் என்பது கல்லில் எழுதிய கணக்கல்ல. தனிக் கடையின் குரல் எடுபடாவிட்டாலும் ஒரு வீதியின் பத்துக் கடைகள் சேர்ந்து பேசினால் எடுபடலாம்.

இறுதியாக, கடையின் தொலைபேசி இலக்கத்தைப் பொதியில் பெரிதாக அச்சிடுங்கள். மணி அடித்தால் எடுங்கள். மக்கள் செயலியில் தேடிக் காணாதது, பிழை நடந்தால் பொறுப்பேற்கும் ஒரு மனிதக் குரல். அது நம்மிடம் இருக்கிறது. அதற்குக் கொமிஷனும் இல்லை.