வண்டியின் பின்பக்கம் ‘ம்ம்ம்...’ சத்தமா? டிஃபரன்ஷியலைப் பிரிக்கும் முன் இதைக் கவனிங்க!

நிட்டிங்கில் இருந்து டையிங், அங்கிருந்து காம்பேக்டிங், பிறகு கட்டிங், தையல்... ஒரு பனியன் தயாராவதற்குள் அதன் துணி திருப்பூரைப் பலமுறை சுற்றி வந்துவிடும். அந்த ரோல்களைச் சுமக்கும் டாடா ஏஸ், பொலிரோ பிக்கப் ஆகட்டும், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பும் ஆம்னி, ஈகோ ஆகட்டும்... எல்லாவற்றிலும் இன்ஜினின் சக்தி பின் சக்கரங்களுக்குத்தான் போகிறது.

அவிநாசி ரோட்டில் வேகம் கூடும்போது பின்பக்கத்திலிருந்து ரீங்காரம் கேட்டால், ‘டிஃபரன்ஷியல் போச்சு’ என்று மனசு பதறும். அதைப் பிரித்தால் செலவு பெரிது. வண்டி ஷெட்டில் நிற்கும் நாளெல்லாம் வாடகையும் போகும். ஆனால் தேய்ந்த டயரும், பழுதான வீல் பேரிங்கும்கூட இதே மாதிரிதான் முனகும். சத்தம் எப்போது மாறுகிறது என்று பார்த்தால் காரணம் பிடிபடும்.

ரோடு மாறினால் மாறுகிறதா?

தார் ரோட்டில் ஒரு மாதிரி, கான்கிரீட் ரோட்டில் வேறு மாதிரி கேட்டால் டயரைச் சந்தேகப்படலாம். டயரின் மேல் கையை வைத்துத் தடவினால் மேடு பள்ளம் தெரியும். முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போடும்போது சத்தமும் இடம் மாறினால் சந்தேகம் உறுதி.

வளைவில் மாறுகிறதா?

இடதுபக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலதுபக்கச் சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் கூடினால் வலதுபக்க பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக பேரிங் சத்தம் வேகத்தோடு கூடும். ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதாலோ விடுவதாலோ பெரிதாக மாறாது.

கால் எடுத்தால் மாறுகிறதா?

மிதிக்கும்போது முனகி, காலை எடுத்ததும் அடங்கினால், அல்லது காலை எடுக்கும்போது மட்டும் முனகினால், டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பற்களிலோ பினியன் பேரிங்கிலோ கோளாறு இருக்கலாம். மிதிக்கும்போது பல்லின் ஒரு பக்கமும், விடும்போது மறுபக்கமும் பாரம் தாங்குவதே இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

ஆல்டோ, ஸ்விஃப்ட் போன்ற முன் சக்கர இழுவை கார்களில் பின்பக்கம் டிஃபரன்ஷியலே கிடையாது. அங்கே டயரையும் பேரிங்கையும் முதலில் பார்த்தால் போதும்.

ஷெட்டில் என்ன பார்ப்பார்கள்?

முதலில் ஆயில். நிரப்பும் துளையின் விளிம்பு வரை இருக்க வேண்டும். குறைந்திருந்தால் பினியன் சீல் கசிகிறதா என்று பார்ப்பார்கள். வடித்த ஆயிலில் இரும்புத் துகள்கள் மின்னினால் உள்ளே பற்களோ பேரிங்கோ தேய்கின்றன என்று அர்த்தம். அந்த நிலையில் புது ஆயில் ஊற்றினால் சத்தம் கொஞ்சம் குறையலாம், கோளாறு போகாது. கிரவுனும் பினியனும் ஜோடியாகப் பொருந்தியவை. மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

தள்ளிப்போடக் கூடாதது எது?

முனகல் கரகரப்பாக மாறினாலோ, ஒரு சக்கரத்தின் நடுப்பகுதி மட்டும் அதிகமாகச் சுட்டாலோ, சக்கரம் ஆடினாலோ வண்டியை ஓட்டாதீர்கள். பேரிங் சிதைந்தால் ஓடும்போதே சக்கரம் இறுகிவிடலாம். குடும்பம் உட்கார்ந்திருந்தாலும் சரக்கு ஏற்றியிருந்தாலும் ஆபத்து ஒன்றுதான்.

அடுத்த முறை மெக்கானிக்கிடம் ‘பின்னாடி சத்தம் வருதுங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘60-ல் வருதுங்க, கால் எடுத்தா நின்னுடுது, லோடு இருந்தா அதிகமா கேக்குது’ என்று சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.