வேற்றுலகக் கொலையும் விதியில் எஞ்சிய சொல்லும்

அறிவியற் புனைகதையும் துப்பறியும் கதையும் ஒன்றோடொன்று பொருந்தா என்பது அமெரிக்க இதழாசிரியர் ஜான் காம்பெல் கொண்டிருந்த கருத்தாகும். இக்கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. துப்பறியும் கதையைப் படிப்போன் வெறுந் துய்ப்போன் அல்லன், துப்பறிவானோடு போட்டியிடுபவன். கதையில் வரும் உலகின் இயல்புகள் அவனுக்கு முன்னரே தெரிந்திருந்தாலன்றி அப்போட்டி நடைபெறாது. வருங்காலத்தையோ வேற்றுலகையோ களனாகக் கொள்ளும் ஆசிரியர், அதுவரை யாரும் கேட்டறியாத கருவியொன்றை இறுதி இயலில் எடுத்துக்காட்டி, ‘இதனாற் கொன்றான்’ என்று கூறிவிடலாம். அவ்வாறு கூறின், படிப்போன் ஏமாற்றப்பட்டவனாகிறான்.

இத்தடையைக் கடக்க முயன்றவர் ஐசக் அசிமோவ் (1920–1992). வேதியியற் பேராசிரியரான இவர், 1954இல் நூலாக வந்த ‘தி கேவ்சு ஆப் சுடீல்’ என்னும் புதினத்தில் மண்ணுலக நகரொன்றைக் களனாக்கினார். 1957இல் நூலாக வந்த ‘தி நேக்கிட் சன்’ என்னும் புதினத்தில் சொலேரியா என்னும் வேற்றுலகைக் களனாக்கினார். மறைப்பற்ற ஞாயிறு என்பது இத்தலைப்பின் பொருள். ஈண்டு ஆராயப்படுவது இரண்டாவது புதினமே.

சொலேரியாவில் வாழ்வோர் மண்ணுலகிலிருந்து சென்று குடியேறிய மாந்தரின் வழியினரே. வேற்றுயிர் எதுவும் இக்கதையில் இல்லை. எனினும் அவ்வுலகம் நமக்கு முற்றும் வேறானது. மக்கள் தொகை 20,000; எந்திர மனிதர் தொகை 20 கோடி. ஒருவருக்குப் பதினாயிரம் ஏவலர் என்னும் இந்நிலையில் மாந்தர்க்கு மாந்தர் வேண்டாதவராயினர். ஒருவர் முன் ஒருவர் நேரில் நிற்பதே அருவருப்புக்குரியதாயிற்று. அவர்கள் மொழியில் ‘காணல்’ வேறு, ‘தோற்றங் காணல்’ வேறு. கருவி வழியாக உருவத்தை மட்டும் நோக்குவது தோற்றங் காணல், அதற்கு நாணமில்லை. கிளாடியா என்னும் பெண் நீராடி முடித்த நிலையிலேயே துப்பறிவானுக்குத் தோற்றம் அளிக்கின்றாள். அவன் திடுக்கிடுகின்றான், அவளோ, தன்னை அவன் ‘காண’வில்லையே என்று அமைதியாக இருக்கின்றாள். ஒரு நாட்டின் வழக்கத்தை விரித்துரைப்பதினும் இரு வினைச்சொற்களை வேறுபடுத்திக் காட்டுவது எத்துணைப் பயன் தருகின்றது என்பதை இப்பகுதியிற் காணலாம்.

இனிக் கொலையை நோக்குவோம். கிளாடியாவின் கணவன் ரிகேன் டெல்மார் தலையில் அடிபட்டு இறந்து கிடக்கின்றான். அடித்த கருவி அங்கில்லை. அவனை நெருங்கியிருக்கக் கூடியவள் மனைவி ஒருத்தியே. ஏனையோர் எவரும் நேரில் வந்திரார். அவள் கையிலும் கருவியில்லை. அருகிலிருந்த எந்திர மனிதனோ மூளை சிதைந்து பயனற்றுப் போயிற்று. மாந்தர்க்குத் தீங்கு செய்தல் எந்திர மனிதர்க்கு இயலாது என்பது அசிமோவ் தம் கதைகளில் 1942 முதல் வகுத்தமைத்த மூவிதிகளுள் முதலாவது. ஆகவே கொன்றிருக்கக் கூடியவர் எவருமிலர்; கொலை மட்டும் நிகழ்ந்துள்ளது.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றமை இங்கு நினைவிற்கு வருகின்றது. பிற துப்பறியும் கதைகள் பலவற்றில் களனை மாற்றினும் கதை கெடாது. இக்கதையில் நிலத்தை மாற்றின் புதிரே இல்லை.

மண்ணுலகினின்று வரவழைக்கப்பட்ட எலைஜா பேலி இப்புதிரை விடுவிக்கும் முறை, உரை கண்டு பழகிய நமக்கு அயலானதன்று. முதல் விதியை அவன் நூற்பாவைப் போலக் கொண்டு, அதில் எஞ்சி நின்ற சொல்லொன்றை வருவித்துரைக்கின்றான். எந்திர மனிதன் தீங்கு செய்யான் என்பதன் பொருள், ‘அறிந்து’ தீங்கு செய்யான் என்பதே. அச்சொல்லை வருவித்தவுடன் விதியின் அரண் பிளவுபடுகின்றது. காவல் தலைவர் குரூயர்க்கு நஞ்சூட்டப்பட்ட நிகழ்ச்சியைக் கொள்வோம். ஓர் எந்திர மனிதன் நீரிற் பொடியொன்றைக் கலக்கலாம். அந்நீர் பருகுதற்குரியது என்பதை அது அறியாது. மற்றொன்று அந்நீரைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அதிற் பொடி கலந்ததை அது அறியாது. இரண்டும் குற்றமற்றவை, குடித்தவர் மட்டும் வீழ்கின்றார். டெல்மார் கொலையும் இத்தகையதே. உறுப்புகளைக் கழற்றி மாட்டத்தக்க எந்திர மனிதரை ஆக்க முயன்ற வல்லுநன் லீபிக், கணவனும் மனைவியும் பூசலிடும் வேளையில் எந்திர மனிதன் தன் கையைக் கழற்றி அவளிடம் கொடுக்குமாறு முன்னரே ஏற்பாடு செய்திருந்தான். சினத்தால் தன்னை மறந்த கிளாடியா அதனால் அடித்தாள். பின்னர்க் கை பழையபடி மாட்டப்பட்டமையாற் கருவி காணப்படவில்லை.

கொலைமுறையை விளக்கும் அளவு வலிமை கொலையின் நோக்கத்தை விளக்கும் பகுதிக்கு இல்லை என்றே கூறல் வேண்டும். எந்திர மூளை பொருத்திய போர்க்கலங்கள், தாம் தாக்கும் கலங்களில் மாந்தர் இருப்பதை அறியாது தாக்குமாறு லீபிக் திட்டமிட்டான் என்பது கதையில் மிகப் பிற்படத்தான் வருகின்றது. ஆயினும் அத்திட்டமும் ‘அறிந்து’ என்னும் அதே சொல்லையே பற்றி நிற்றலின் கதையின் ஒருமை குலையவில்லை. லீபிக்கின் முடிவோ சிறந்த முறையில் அமைந்துள்ளது. தன்னைப் பிடிக்க ஒருவன் நேரில் வருகின்றான் என்றறிந்ததும் அவன் அஞ்சி நஞ்சுண்டு மாய்கின்றான். வந்தவனோ டானீல் என்னும் எந்திர மனிதன். எந்திரங்களின் அறியாமையைப் படைக்கலமாக்கியவன் தன் அறியாமையாலேயே இறக்கின்றான்.

கிளாடியாவின் கையே அடித்த கை என்பதைப் பேலி சொலேரியர்க்கு வெளியிடவில்லை. எந்திர மனிதனுக்கு அவன் வருவித்த சொல் அவளுக்கும் பொருந்துமன்றோ? அவள் அரோரா என்னும் பிறிதோர் உலகிற்கு அனுப்பப்படுகின்றாள். அங்கு அவளைப் பேலி மீண்டும் காணும் புதினம் 1983இல் வெளிவந்தது. அதில் அழிக்கப்பட்டது ஓர் எந்திர மனிதன்; அதனைக் கொலை என்னும் சொல்லாற் சுட்டலாமா என்னும் வினாவை அந்நூல் எழுப்புகின்றது.