எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்?

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றி எந்தச் சுவரைப் பார்த்தாலும் ‘முப்பதே நாளில் சரளமாக ஆங்கிலம்’ என்று ஒரு விளம்பரம் இருக்கும். விருதுநகர் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் ஆங்கிலம் நடத்துகிறவள் நான். அந்த விளம்பரங்களோடு எனக்குச் சண்டை இல்லை. கடையில், நேர்முகத் தேர்வில், போனில் பேசுகிற ஆங்கிலத்தை அவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். பலருக்கு அது போதும். என்னிடம் வருகிறவர்களின் தேவை வேறு. முதுகலை ஆய்வேடு எழுத வேண்டும். ஆய்வுக் கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். சிலருக்கு ஐஇஎல்டிஎஸ் தேர்வில் நாற்பது நிமிடத்துக்குள் 250 சொல்லில் ஒரு கருத்தை நிறுவிக் காட்ட வேண்டும்.

பேச வந்துவிட்டால் இதுவும் தானாக வந்துவிடும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். வராது. கனடாவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை வைத்து ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியாளர் இதை விளக்கியிருக்கிறார். அன்றாடப் பேச்சு ஏறக்குறைய 2 ஆண்டில் கைவந்துவிடுகிறது. பாடப்புத்தக மொழியில் கூடப் படிக்கிறவர்களுக்கு ஈடாக வர 5 முதல் 7 ஆண்டு பிடிக்கிறது. வீட்டு வாசலைத் தாண்டினால் ஆங்கிலம் கேட்கிற நாட்டிலேயே இந்தக் கதை.

அப்படி என்னதான் கஷ்டம் என்று கேட்டால், “வார்த்தை தெரியல மேம்” என்பார்கள் மாணவர்கள். அதற்கு மருந்து இருக்கிறது. நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட பாடநூல், ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பைச் சலித்து, எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வருகிற 570 சொற்குடும்பங்களை எடுத்துக் கொடுத்தார். கல்வி நூல்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒரு சொல் இந்தப் பட்டியலைச் சேர்ந்தது. நானும் அதை நகலெடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்தவர்களும் ‘உலகின் எல்லாப் பிரச்சினைகளுக்கும் பருவநிலை மாற்றமே சந்தேகத்துக்கு இடமில்லாத காரணம்’ என்றுதான் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். சொல் ஒவ்வொன்றும் சரி, இலக்கணமும் சரி. எந்த ஆய்வு இதழும் அந்த வரியை உள்ளே விடாது.

இவர்கள் வாதாடத் தெரியாதவர்கள் அல்லர். பேச்சுப் போட்டியிலும் பட்டிமன்றத்திலும் ஊறி வந்தவர்கள். பட்டிமன்றத்தில் அணி முன்கூட்டியே பிரித்துத் தரப்படுகிறது. கொடுத்த அணியைக் கடைசிவரை தாங்க வேண்டும். எதிரணி சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று வாய்தவறிச் சொன்னால் கைதட்டல் அந்தப் பக்கம் போய்விடும். ‘இந்த அளவுக்கு உண்மை, இதற்கு மேல் தெரியாது’ என்று சொல்லும் உரிமை நடுவர் ஒருவருக்குத்தான். ஆய்வு ஆங்கிலத்தில் எழுதுகிறவர் பேச்சாளராகவும் நடுவராகவும் ஒரே வாக்கியத்துக்குள் இருக்க வேண்டியிருக்கிறது.

இதை விதியாகச் சொன்னால் தலையாட்டுவார்கள், அதோடு சரி. அதனால் உலக நாடுகள் உட்கார்ந்து சண்டை போட்ட ஒரு வாக்கியத்தை வகுப்புக்குக் கொண்டுபோகிறேன். பூமி சூடாவதற்கு மனிதர்கள் காரணமா என்பதைப் பற்றி ஐபிசிசி எனப்படும் பன்னாட்டுப் பருவநிலைக் குழு ஒவ்வோர் அறிக்கையிலும் எழுதும் வாக்கியம் அது. 1995 நவம்பரில் மாட்ரிட் நகரில் நடந்த கூட்டத்தில் மனிதத் தாக்கத்துக்கு என்ன அடைமொழி போடலாம் என்று பெரிய வாக்குவாதம். சவுதி அரேபியா, குவைத் போன்ற எண்ணெய் நாடுகள் ஆட்சேபித்தன. கடைசியில் ‘டிஸ்செர்னிபிள்’ என்ற சொல்லுக்கு ஒத்துக்கொண்டார்கள். உற்றுப் பார்த்தால் தெரிகிறது என்ற அளவுக்குத்தான் அதற்குப் பலம். 2001 அறிக்கையில் ‘லைக்லி’. 2007-இல் ‘வெரி லைக்லி’. 2013-இல் ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’. 2021-இல்தான் ‘அன்ஈக்விவோகல்’, அதாவது ஐயத்துக்கே இடமில்லை என்று எழுதினார்கள். ஆதாரம் கூடக் கூடச் சொல்லின் பலமும் கூடியிருக்கிறது. 

இதில் மாணவர்களை நிமிர்ந்து உட்கார வைப்பது இன்னொரு விஷயம். இந்தச் சொற்களுக்கு அந்தக் குழு எண் வைத்திருக்கிறது. ‘லைக்லி’ என்றால் குறைந்தது 66 சதவீத வாய்ப்பு. ‘வெரி லைக்லி’ 90. ‘எக்ஸ்ட்ரீம்லி லைக்லி’ 95. “அப்ப நான் எழுதுனதுக்கு எத்தனை பெர்சன்ட் மேம்?” என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்தது. அவரவர் வாக்கியத்தின் ஓரத்தில் அவரவரே பென்சிலால் ஒரு சதவீதம் போட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதற்கு ஆதாரம் கேட்க வேண்டும்.

அப்படித்தான் ஒருநாள் ஓர் ஊர்க் கண்மாய் வகுப்புக்குள் வந்தது. பருவநிலை மாற்றத்தால் தன் ஊர்க் கண்மாய் வறண்டுவிட்டது என்று ஒரு மாணவி எழுதி, பக்கத்தில் 100 என்று போட்டிருந்தாள். பின்பெஞ்சுப் பையன் எழுந்தான். “மழை பெய்ஞ்ச வருசமே உங்க கண்மாய் நிறையலையே. வரத்துக்கால அடைச்சு வீடு கட்டிட்டாங்க. உள்ள பூரா சீமைக்கருவேலம். இதுல பருவநிலை எங்க வந்துச்சு?” அவள் விடவில்லை: “ஐப்பசில பெய்யிற மழை இப்ப ஒரே நாள்ல கொட்டிட்டுப் போயிருதுன்னு எங்க தாத்தா சொல்றாரு.” தாத்தா சொல்வது ஆதாரமா இல்லையா என்று அரை மணி நேரம். அது ஒருவரின் சாட்சியம், பொதுமுடிவுக்குப் போதாது, ஆனால் தூக்கி எறியவும் கூடாது என்ற இடத்துக்கு அவர்களாகவே வந்தார்கள். மாவட்டத்தின் மழைப் பதிவைத் தேடிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அன்று அவள் திருத்தி எழுதிய ஆங்கில வரியின் சாரம் இது: கண்மாய் வறண்டதற்கு நீர்வழி ஆக்கிரமிப்பு முக்கியக் காரணமாகத் தெரிகிறது, மழைப்பொழிவின் மாற்றமும் ஓரளவு பங்களித்திருக்கக்கூடும். ‘அப்பியர்ஸ்’, ‘மே ஹேவ்’, ‘பார்ட்லி’ மூன்றும் அந்த இரண்டு வரிக்குள் இருந்தன. எதையும் நான் கரும்பலகையில் எழுதிப் போடவில்லை.

விவாதத்தின் முதல் கால்மணி நேரம் தமிழிலேயே பேச விடுகிறேன். சக ஆசிரியர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. எனக்கு இதில் தயக்கமே கிடையாது. என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாதவனுக்கு எந்த மொழியிலும் வாக்கியம் வராது. அதுவும் போக, ‘மழை வருமாம்’ என்று சொல்லும்போதே இது நான் பார்த்ததில்லை, பிறர் சொல்லக் கேட்டது என்று ஒரு ‘ஆம்’ போட்டு ஒதுங்கிக்கொள்கிறவர்கள் நாம். யார் சொன்னது என்று ஆங்கிலத்தில் மேற்கோள் காட்டும் பழக்கத்துக்கு அந்த ‘ஆம்’ நல்ல தொடக்கம்.

நன்னூலில் ‘எழுவகை மதம்’ என்று ஒரு பகுதி உண்டு. பிறர் கருத்தை ஒரு நூலாசிரியர் எப்படியெல்லாம் எதிர்கொள்ளலாம் என்ற ஏழு வழிகள். ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுப் பிறகு களையலாம், இருவர் முரண்பட்டால் ஒன்றைத் தேர்ந்து துணியலாம், இப்படி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு எழுத்து என்று நடத்துவதில் நல்ல பங்கு இதுதான். தமிழ் இலக்கிய மாணவர்கள் இதைத் தேர்வுக்குப் படித்துவிட்டு, ஆங்கில வகுப்பில் முழிக்கிறார்கள்.

எல்லா உலகப் பிரச்சினையும் வகுப்புக்கு உதவாது. ‘பயங்கரவாதம் தீமையானது’ என்று தலைப்புக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. கைடில் இருக்கும் கட்டுரைதான் வரும். நல்ல தலைப்பு என்றால், நேர்மையான இருவர் ஒரே தகவலை வைத்துக்கொண்டு முரண்பட வேண்டும். கார்பன் வெளியேற்றத்தில் இந்தியா உலகில் மூன்றாவது இடம். தலைக்கணக்கில் பார்த்தால் உலக சராசரியில் பாதிகூட இல்லை. இரண்டும் உண்மை. ‘ஆல்தோ’ போட்டு இரண்டையும் ஒரே வாக்கியமாக்கச் சொல்வேன். எதை ‘ஆல்தோ’வுக்குப் பின்னால் வைக்கிறார்கள், எதை முதன்மைப் பகுதியில் வைக்கிறார்கள் என்பதிலேயே எழுதியவர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, ஏரல் கடல். ஒரு காலத்தில் பரப்பில் உலகின் நான்காவது பெரிய ஏரி. பருத்தி விளைவிக்க 1960-களிலிருந்து சோவியத் அரசு அமு தரியா, சிர் தரியா ஆறுகளின் நீரைத் திருப்பியதில் பெரும்பகுதி காய்ந்து உப்புப் பாலையானது. அப்பா பருத்தி போடுகிற பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆறுகள் ‘திருப்பப்பட்டன’ என்று செயப்பாட்டு வினையில் அறிக்கைகள் எழுதும். திருப்பியது யார் என்று நான் கேட்பேன். செயப்பாட்டு வினை எங்கே அடக்கத்துக்காக வருகிறது, எங்கே ஆளை மறைக்க வருகிறது என்று அங்கிருந்து பேச்சு தொடங்கும்.

உள்ளூர் விஷயத்தையே நேரடியாகப் பேசினால் என்ன என்று கேட்கலாம். பேசிப் பார்த்தால் தெரியும், ஐந்து நிமிடத்தில் கட்சியோ சாதியோ உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். உலகத்தைச் சுற்றிக்கொண்டு ஊருக்கு வந்தால் பேச்சில் சூடு குறைவாக இருக்கிறது, கவனம் கூடுதலாக இருக்கிறது. கையில் காசு இல்லாத கல்லூரிக்கு இன்னொரு வசதியும் உண்டு: ஐ.நா. அமைப்புகளின் அறிக்கைகள் இணையத்தில் இலவசம், அவை எழுதப்பட்டிருப்பதும் நாங்கள் கற்க வேண்டிய அதே நடையில். ஒரு வாரத்துக்கு ஒரு பக்கத்துக்கு மேல் நான் கொடுப்பதில்லை.

இந்தப் பருவத்தில் பருவநிலை பற்றிய பாரிஸ் ஒப்பந்தத்தை எடுத்தேன். 2015 டிசம்பர் 12, பேச்சுவார்த்தையின் கடைசி நாள். வளர்ந்த நாடுகள் வெளியேற்றத்தைக் குறைப்பது பற்றிய பிரிவில் ‘ஷுட்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஷல்’ என்று அச்சாகியிருந்தது. ‘ஷல்’ சட்டக் கட்டாயம். அமெரிக்கா அதை ஏற்கவில்லை. கடைசியில் எழுத்துப்பிழை என்று சொல்லித் திருத்தி, அதன் பிறகே ஒப்பந்தம் நிறைவேறியது. அது உண்மையிலேயே எழுத்துப்பிழையா என்று வகுப்பு நான்கு கட்சியாகப் பிரிந்தது. கடைசி வரிசையில் ஒருவன் மட்டும் கல்லூரிக் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். எழுபத்தைந்து சதவீத வருகைப்பதிவு விதியில் இருப்பது ‘ஷுட்’டா ‘ஷல்’லா என்று பார்க்கிறானாம். ‘ஷல்’தான்.