மேற்கோள் எண்ணிக்கையும் ஆசிரியர் பங்கும்: நாஞ்சில் நாட்டுத் தமிழாய்வை முன்வைத்து

ஓர் ஆய்வாளரின் எழுத்து பிறரால் எத்தனை முறை எடுத்தாளப்பட்டது என்று எண்ணி, அவ்வெண்ணைக் கொண்டு அவரது பங்களிப்பை மதிப்பிடும் வழக்கம் இன்று தமிழ்த்துறைகளுக்கும் வந்துவிட்டது. எண்ணுதல் எளிய செயலாகவே தோன்றும். எண்ணியதை யார் கணக்கில் வரவு வைப்பது என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நாகர்கோவிலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உருவான தமிழாய்வு மரபை இவ்வளவுகோலின்முன் நிறுத்திப் பார்த்தால், அளவுகோல் எவற்றைக் காண்கிறது, எவற்றைக் காணாது விடுகிறது என்பது தெளிவாகும்.

எண்ணும் முறைகள்

யூஜின் கார்ஃபீல்டு 1955 இல் முன்மொழிந்த மேற்கோளடைவுத் திட்டம், 1960களில் அறிவியல் மேற்கோளடைவாக அச்சில் வெளிவந்தது. எடுத்தாளப்பட்ட கட்டுரைகள் அதில் முதலாசிரியர் பெயரின்கீழ் மட்டுமே அடைவு செய்யப்பட்டன. இரண்டாம், மூன்றாம் இடங்களில் நின்றவர்களின் மேற்கோள்களை அறிய விரும்புவோர் அவர்கள் எழுதியவற்றின் பட்டியலை வேறு வழியில் தேடிக்கொண்டு வரவேண்டும். அச்சுச் செலவும் இடநெருக்கடியும் கருதிச் செய்யப்பட்ட இவ்வேற்பாடு, நாளடைவில் முதலாசிரியரே ஆசிரியர் என்னும் மதிப்பீட்டு முறையாகவும் கையாளப்பட்டது. இதனை முதலாசிரியர் கணக்கு எனலாம்.

இதற்கு மாறானது முழுக்கணக்கு. கட்டுரையில் பெயர் இடம்பெற்ற அனைவருக்கும் மேற்கோள் முழுமையாக வரவு வைக்கப்படும். கூகுள் ஸ்காலர் ஆசிரியர் பக்கத்தில் காட்டும் எண்ணும், ஹிர்ஷ் 2005 இல் வகுத்த எச்-சுட்டெண்ணும் இவ்வடிப்படையிலேயே அமைந்தவை. மூன்றாவதான பங்கீட்டுக் கணக்கு ஒரு மேற்கோளை ஆசிரியர் தொகையால் வகுத்துச் சமமாகப் பிரிக்கிறது. பெயர் வரிசைக்கேற்ப ஒன்று, இரண்டிலொன்று, மூன்றிலொன்று என்ற விகிதத்தில் பிரித்துக் கொடுக்கும் வரிசைப் பங்கீடு நான்காவது.

மூவர் எழுதிய ஒரு கட்டுரை 22 முறை எடுத்தாளப்பட்டதாகக் கொள்வோம். முதலாசிரியர் கணக்கில் முதல்வருக்கு 22. மற்ற இருவருக்கும் எதுவுமில்லை. முழுக்கணக்கில் ஒவ்வொருவருக்கும் 22. ஆக, 22 மேற்கோள்கள் 66 ஆகப் பெருகிவிடுகின்றன. சமப் பங்கீட்டில் ஒவ்வொருவருக்கும் ஏழேகாலுக்குச் சற்று மேல். வரிசைப் பங்கீட்டில் முறையே 12, 6, 4. கட்டுரை ஒன்றே, உழைப்பும் ஒன்றே. மூன்றாம் ஆசிரியரின் மதிப்போ முறைக்கேற்பச் சுழியத்திலிருந்து 22 வரை மாறுகிறது. மருமக்கள்வழி உரிமையையும், 1926 இல் அதனைத் திருத்திய சட்டத்தையும் கண்ட நாஞ்சில் நாட்டு வேளாளர்க்கு, பாகத்தின் அளவைச் சொத்து முடிவு செய்வதில்லை, விதியே முடிவு செய்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

விதிமுறையின் கணக்கு

இந்தியக் கல்லூரிகளில் பணியமர்த்தத்தையும் பதவி உயர்வையும் நெறிப்படுத்தும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஆம் ஆண்டு விதிமுறை, இம்முறைகளுள் எதனையும் அப்படியே பின்பற்றவில்லை. மொழி, கலைப் புலங்களில் ஒரு கட்டுரைக்கு 10 புள்ளி. இருவர் எழுதினால் ஒவ்வொருவருக்கும் 70 விழுக்காடு. இருவர்க்கு மேற்பட்டால் முதலாசிரியருக்கோ பொறுப்பாசிரியருக்கோ 70 விழுக்காடும், ஏனையோர் ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடும் உண்டு. கூட்டிப் பார்த்தால், தனியொருவர் எழுதிய கட்டுரை 10 புள்ளி பெற, இருவர் எழுதியது 14, மூவர் எழுதியது 13, நால்வர் எழுதியது 16, ஐவர் எழுதியது 19 என்றாகிறது. இருவர் கட்டுரையைவிட மூவர் கட்டுரையின் மொத்த மதிப்பு குறைந்து, பின்னர் மீண்டும் ஏறுவதற்கு என்ன காரணம் கருதப்பட்டதோ தெரியவில்லை. தனித்திருந்து சுவடியோடும் கல்வெட்டோடும் உழைப்பதே வழக்கமான ஒரு புலத்தில், பெயர்களைச் சேர்ப்பதற்கு ஊக்கமளிக்கும் கணக்காக இது முடிகிறது என்பது மட்டும் உறுதி.

இதைவிடத் தமிழாய்வைப் பாதிப்பது வேறொன்று. நாட்டளவிலான பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கு ஆசிரியர் பெறுவது 10 புள்ளி; அதாவது ஒரு கட்டுரைக்குரிய அளவு. பதிப்பாசிரியர் பெறுவது 8. இங்கே பதிப்பாசிரியர் என்னும் சொல், கருத்தரங்கக் கட்டுரைகளைத் தொகுத்து வெளியிடுபவரையும், பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு கண்டு மூலத்தை நிறுவுபவரையும் ஒருங்கே சுட்டுகிறது. பின்னவர் வகையில் ஒருவர் ஒரே நூலுக்காகப் பல ஆண்டுகள் செலவிடுவதுண்டு. ஆங்கிலத்தில் இருவரையும் குறிக்க ஒரே சொல் வழங்குவதால் நேர்ந்த மயக்கம் இது. தமிழில் தொகுப்பாசிரியர், பதிப்பாசிரியர் என இரு சொற்கள் இருந்தும் கணக்கில் வேறுபாடு இல்லை.

பெயர் என்னும் தடை

எம்முறையில் எண்ணினாலும், எண்ணப்படுபவர் இன்னார் என்று முதலில் அறியப்பட வேண்டும். மேற்கோளடைவுகள் பெயரின் இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகவும் ஏனையவற்றைத் தலைப்பெழுத்தாகவும் கொள்ளும் மேலை வழக்கத்தில் அமைந்தவை. அவ்வழக்கைத் தென் திருவிதாங்கூர் ஆய்வுலகில் பொருத்தினால் விளைவு வியப்பானது. தேரூரில் 1876 இல் பிறந்து, காந்தளூர்ச் சாலை பற்றி ஆங்கிலத்தில் ஆய்ந்தெழுதிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை; நாஞ்சில் நாட்டவரும், சென்னைப் பல்கலைக்கழகத்தின்வழி 1932 இல் பண்டைத் தமிழர் கால வரன்முறை பற்றிய ஆங்கில நூலை வெளியிட்டவருமான கே. என். சிவராஜ பிள்ளை, திருவனந்தபுரத்தில் வழக்கறிஞராயிருந்து பின் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரான எஸ். வையாபுரிப் பிள்ளை, மணலிக்கரை முதலிய கல்வெட்டுகளைக் கொண்டு வேணாட்டு அரசர் வரலாற்றை எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை. இந்நால்வரும் இயந்திர அடைவில் 'பிள்ளை' என்னும் ஒரே குடும்பத்தினர் ஆகிவிடுவர். அவர்களைப் பிரித்தறிய எஞ்சுவன ஓரிரு தலைப்பெழுத்துகளே. அவற்றையும் எடுத்தாள்வோர் ஒரே வகையாக எழுதுவதில்லை.

தமிழ் வழக்கு இச்சிக்கலை மேலும் வளர்க்கிறது. தமிழ்க் கட்டுரையாளர் ஒருவர் 'கவிமணி' என்று மட்டும் சுட்டுவார்; மற்றொருவர் முழுப்பெயரைப் பிரித்தும் சேர்த்தும் எழுதுவார்; ஆங்கிலத்தில் எழுதுவோர் தேசிக, தேசிகா, தேசிய எனப் பலவாறு ஒலிபெயர்ப்பர். சாதிப்பெயரைத் துறந்த பின்தலைமுறையினருக்கோ தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்றே துணை. அது முன்னும் பின்னும் இடம்மாறும் போதெல்லாம் அடைவில் புதிய ஆசிரியர் ஒருவர் தோன்றிவிடுகிறார். 2012 இல் தொடங்கிய ஆர்கிட் போன்ற ஆய்வாளர் அடையாள எண்கள் இன்றைய எழுத்தாளர்க்கு இத்தடையை நீக்க வல்லவை. மறைந்தோர்க்கு அவ்வழியில்லை.

எண்ணப்படாத எடுத்தாளல்

தமிழாய்வில் மிகுதியாக எடுத்தாளப்படுவன மூல இலக்கியங்களே. அவற்றைச் சுட்டும் முறையோ நூற்பெயர்ச் சுருக்கமும் பாடல் எண்ணும் என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஒரு சங்கப் பாடலை எடுத்தாள்பவர் உண்மையில் ஒரு பதிப்பாசிரியர் நிறுவிய பாடத்தையே எடுத்தாள்கிறார். சைவ சித்தாந்த மகா சமாசத்தின் வழியாக 1940 இல் வையாபுரிப் பிள்ளை வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பைப் பயன்படுத்தியோரும் பெரும்பாலும் பாடல் எண்ணையே குறித்தனர். பாடவேறுபாடு விவாதத்திற்குரியதாகும்போது மட்டுமே பதிப்பாசிரியர் பெயர் வெளிப்படும். இது தமிழாய்வாளர் தாமே வளர்த்துக்கொண்ட பழக்கம். வெளிநாட்டு அடைவுகளைக் குறை கூறிப் பயனில்லை.

ஒரு கண்டுபிடிப்பு முழுவெற்றி பெறும்போதும் மேற்கோள் நின்றுவிடுவதுண்டு. ஞானசம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவரல்லர் என்பதைச் சான்றுகளால் நாட்டச் சுந்தரம் பிள்ளை 1890களில் எழுதிய கட்டுரை, தமிழ் இலக்கியக் கால ஆராய்ச்சிக்கு ஓர் அடிக்கல். இன்று அது பாடநூற் செய்தி. எழுதுவோர் அவர் பெயரைக் குறிப்பதில்லை. குறிக்க வேண்டுமென்று எவரும் எதிர்பார்ப்பதுமில்லை. பொது அறிவில் கலந்து ஆசிரியர் பெயர் அழியும் இந்நிலையைச் சமூகவியலறிஞர் ராபர்ட் மெர்ட்டன் தனியே பெயரிட்டு விளக்கியுள்ளார். நாகர்கோவில் கல்லூரிகள் இணைவு பெற்றுள்ள பல்கலைக்கழகமே சுந்தரனாரின் பெயர் தாங்கியது. அங்குப் பதிவு செய்யும் ஆய்வாளரின் மேற்கோள் எண்ணிக்கையை ஆராயும் குழுவின்முன் அவரது கால ஆராய்ச்சியை வைத்தால், பெயர் குறிக்கப்பட்ட அளவே வரவாகும்.

உடன்படலும் மறுத்தலும்

எண்ணிக்கை மேற்கோளின் நோக்கத்தையும் அறியாது. நன்னூலார் நூலுக்குரிய மதம் ஏழனைப் பாயிரத்தில் வகுத்துள்ளார். பிறர் கருத்துக்கு உடன்படல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுக்கொண்டு பின் களைதல், தான் ஒன்றை நாட்டி அதனை நிறுவுதல், இருவர் மாறுபட்ட இடத்தில் ஒரு பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறர் கருத்தைச் சாராது தன் கருத்தையே கொள்ளுதல் என அவை விரியும். இவற்றுள் ஐந்தேனும் முன்னோர் எழுத்தை ஓர் ஆசிரியர் எவ்வாறு கையாளுகிறார் என்பதைப் பற்றியவை. மேற்கோளின் செயற்பாட்டை வகைப்படுத்த இக்கால அளவையியலார் மேற்கொள்ளும் முயற்சிகளோடு இப்பாகுபாட்டை ஒப்பிட்டு ஆராய இடமுண்டு.

வையாபுரிப் பிள்ளையின் கால ஆராய்ச்சி முடிவுகளை எடுத்தாண்டோரில் பலர் மறுப்பதற்காகவே எடுத்தாண்டனர். தொல்காப்பியத்துக்கும் திருக்குறளுக்கும் அவர் குறித்த காலம் ஏற்கப்படாததாலேயே அவர் பெயர் தலைமுறைதோறும் அடிக்குறிப்புகளில் நிலைத்தது. சுந்தரம் பிள்ளையின் முடிவு ஏற்கப்பட்டதால் அவர் பெயர் குறைந்தது. எண்ணிக்கை மட்டும் அறிந்த ஒருவர் இவ்விரண்டையும் தலைகீழாகப் புரிந்துகொள்ளக்கூடும். மறுக்கப்படுவதும் ஒருவகைப் பங்களிப்பே என்பதில் ஐயமில்லை. வையாபுரிப் பிள்ளையை மறுக்க முயன்றதனால்தான் தமிழ்க் கால ஆராய்ச்சி சான்றுகளில் கண்டிப்புக் கொண்டது. ஆனால் அது வேறுவகைப் பங்களிப்பு.

மானியக் குழு 2019 முதல் பேணிவந்த கேர் இதழ்ப் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிடுவதாக அறிவித்தபின், இதழ்களின் தரத்தை முடிவு செய்யும் பொறுப்பு பெருமளவு கல்வி நிறுவனங்களிடமே வந்துள்ளது. எதனைப் பங்களிப்பாகக் கொள்வது என்பதையும் தமிழ்த்துறைகள் இத்தருணத்தில் பேசலாம். மூலநூலை முதன்முறை சுட்டுமிடத்தில் பதிப்பாசிரியர் பெயரையும் ஆண்டையும் கட்டாயமாக்குவது ஒன்று. செம்பதிப்புக்கும் தொகுப்பு நூலுக்கும் மதிப்பீட்டில் வேறுபாடு காட்டுவது மற்றொன்று. கூட்டுக் கட்டுரைகளில் யார் சுவடி படித்தார், யார் களப்பணி செய்தார், யார் எழுதினார் என்பதை ஒருவரிக் குறிப்பாக அச்சிடுவதும் அரிதன்று. மேற்கோள் அடைவுகள் மாறக் காத்திராமல் இவற்றை ஓர் இதழ் தானே தொடங்கிவிட முடியும்.

இவற்றிற்கெல்லாம் அப்பாலும் பங்களிப்பு எஞ்சுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், பின்னர் 1939 இல் முடிந்த இணைப்பாகவும் வந்து 1,17,762 சொற்பதிவுகளைக் கொண்டது. எடுத்தாள்வோர் பல்கலைக்கழகப் பெயரையோ வையாபுரிப் பிள்ளை பெயரையோ குறிப்பர். அப்பணிக்கு உதவிய கவிமணிக்கு அதன்வழி ஒரு மேற்கோளும் சேராது. அகராதியின் பக்கங்களில் சில சொற்களுக்கு எதிரே நாஞ்சில் நாட்டு வழக்கு என்னும் சுருக்கக் குறி காணப்படும். அச்சொற்கள் எந்த ஊரில், யார் வாய்ச்சொல்லாகக் கேட்டுப் பதியப்பட்டவை என்பது அங்குக் குறிக்கப்படவில்லை.